இடது காதுச் சாட்சி

ஓர்ம்வில் பிரபுக்களின் வம்சக்கதை தெரிய வேண்டுமென்றால் எங்கள் ஊரில் யாரும் குருவானவரைத் தேடிப் போக மாட்டார்கள். நாய்க்கொட்டிலுக்குப் போய், அங்கே வேட்டை நாய்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கும் ஒடாரின் காதைப் பிடித்து இழுப்பார்கள். இடது காதை இழுத்தால் ஒரு கதை வரும். வலது காதை இழுத்தால் வேறொரு கதை வரும். இரண்டில் ஒன்று பொய். எது பொய் என்று ஊருக்கே தெரியும். தெரியும் என்று வாய்விட்டுச் சொன்னவன் எவனும் நன்றாக வாழ்ந்ததில்லை.

முதலில் வந்தவன் ஓர்ம். வடக்கிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய அன்றே எங்கள் தேவாலயத்தைக் கொளுத்தினான். பிறகு ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு, கொளுத்திய இடத்திலேயே கல்லால் ஒரு தேவாலயம் கட்டி, புண்ணியவான் என்று பெயரெடுத்தான். அவன் மகன் அன்ஃப்ரீ. கூடப் பிறந்த தம்பியைக் குளிக்கும் தொட்டியில் அமுக்கிக் கொன்றுவிட்டு, அந்தத் தம்பியின் ஆன்மா இளைப்பாற ஆண்டுதோறும் பூசை வைத்தவன். அவன் மகன் கோஸ்லென். பிரபுக்களை அவன் இவன் என்கிறேனே என்று யாரும் பதற வேண்டாம். செத்தவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. இருப்பவனுக்கு இது எட்டப் போவதில்லை.

கோஸ்லென் இளவட்டமாக இருந்தபோது நெசவாளி மகள் எர்மெலின் மேல் பைத்தியமாக இருந்தான். அப்பன் அன்ஃப்ரீயின் உடம்பு மண்ணுக்குள் போனதும் போகாததுமாக, அவளைத் தேவாலய வாசலுக்குக் கூட்டிவந்து, ஊரறியக் கைப்பிடித்து மோதிரம் போட்டான். மாவரைக்கும் நீராலையையும் அதற்குக் கீழே ஆற்றோரம் கிடந்த புல்வெளியையும் அவள் பெயருக்குக் கொடுத்தான். கொடுத்தால் போதாது, நாளைக்கு அதைச் சொல்ல ஆள் வேண்டும். பெரியவர்கள் சீக்கிரம் செத்துவிடுவார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் சிறுபிள்ளைகளைத்தான் சாட்சியாகப் பிடிப்பது. நிற்க வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, கையோடு கன்னத்தில் ஓர் அறை. வலியோடு உள்ளே போனது வெளியே போகாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

அன்றைக்குக் கையில் அகப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் ஆலைக்காரன் மகன் தீபோ. இன்னொருவன் பன்றி மேய்ப்பவன் மகன் ஒடார். ஏழு வயது. கல்யாணத்துக்கு ரொட்டி போடுவார்கள் என்று வந்து நின்றவன்.

"டேய், இங்க பாரு, என் மூஞ்சியப் பாரு," என்றான் கோஸ்லென். "நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லு. ஓர்மோட பேரன், அன்ஃப்ரீயோட மகன் கோஸ்லென், எர்மெலினைத் தேவாலய வாசல்ல கைப்பிடிச்சான். ஆலையும் புல்வெளியும் அவளுக்கும் அவ வயித்துப் பிள்ளைக்கும்."

ஒடார் திருப்பிச் சொன்னான். மறுபடி சொல்லச் சொன்னார்கள். சொன்னான். நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று சிரித்தபடி நிமிர்ந்தபோது விழுந்தது அறை. குதிரையை அடக்கிப் பழகிய கை அது. பிள்ளை தேவாலயப் படியில் உருண்டு விழுந்தான். இடது காதிலிருந்து ரத்தம் வழிந்தது.

"அழாதடா," என்று கோஸ்லெனே குனிந்து தூக்கி நிறுத்தினான். அவனுக்கு அன்று எல்லார் மேலும் பிரியமாக இருந்தது. "இனிமே நீ என் ஆளு. சாகற வரைக்கும் என் வீட்ல உனக்கு ரொட்டி உண்டு."

தீபோவுக்கு ஒரு பல் போனது. அது பால்பல், மறுபடி முளைத்துவிட்டது. ஒடாரின் காது முளைக்கவில்லை. சீழ் வடிந்து, நாறி, கடைசியில் இடது பக்கம் அடியோடு அடைத்துப்போனது. யாராவது கூப்பிட்டால் எந்தத் திசையிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்ப்பான். அவன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "காது போனா என்னடா, கஞ்சி வந்துச்சில்ல. எனக்கு ரெண்டு காதும் நல்லா இருக்கு, எவன் சோறு போட்டான்?" என்றான். பெற்றவன் சொன்ன ஆறுதல் இது.

கோஸ்லென் சொன்ன சொல் தவறவில்லை, அந்த ஒரு விஷயத்தில் மட்டும். ஒடாரைக் கோட்டை நாய்க்கொட்டிலில் வேலைக்கு வைத்தான். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் விருந்து மண்டபத்தில், மேசையின் கடைக்கோடியில் அவனை நிறுத்துவார்கள். மணியக்காரன் மால்ஜே எழுந்து வந்து அவன் இடது காதை இழுப்பான். ஒடார் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். வெள்ளை ரொட்டியும் உப்புப் பன்றித் துண்டும் கிடைக்கும். எர்மெலின் மேசைத் தலைமாட்டிலிருந்து அவனைப் பார்த்துச் சிரிப்பாள். ஒடாருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. ஊரில் மற்றவர்களுக்கு மாடு இருந்தது, கலப்பை இருந்தது. அவனுக்குக் காது இருந்தது. பெண் பார்க்கப் போனபோதுகூட அந்தக் காது தெரிகிற மாதிரி தலையைச் சாய்த்து உட்கார்ந்தான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பெண்ணும் அவனைக் கட்டிக்கொண்டு, அவீஸ் என்று ஒரு மகளைப் பெற்றுக் கொடுத்துவிட்டு, பிரசவத்திலேயே கண்ணை மூடினாள்.

எர்மெலினுக்கு நெடுநாள் கழித்து ஒரே மகன் பிறந்தான். ராவுல். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவனுக்கு நாய்க்கொட்டில்தான் வீடு. எந்த நாய் எப்படிக் குரைக்கும் என்று ஒடாரைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டான். ஒடாருக்கு ஒற்றைக் காதுதான், ஆனால் காட்டுக்குள்ளே எங்கோ குரைக்கிற நாயின் பெயரை வேலிப்பக்கம் நின்றே சொல்வான். "அது ப்ரூன்டா தம்பி. மான் இல்ல, முள்ளம்பன்றியப் பாத்துக் கத்துறா, கழுத." அவீஸ் இடுப்பில், ராவுல் தோளில். அவன் வாழ்ந்த நாட்களில் அவைதான் நல்ல நாட்கள். அவற்றை நான் நீட்டிச் சொல்லப் போவதில்லை, நீண்டவை அல்ல.

ராவுலுக்கு எட்டு வயதாகும்போது கோஸ்லெனுக்கு ஒரு வரன் வந்தது. பெண்டாட்டி இருக்கிறவனுக்கு எங்கிருந்து வரன் என்று கேட்கலாம். பக்கத்துக் கோட்டைப் பிரபுவுக்கு அதெலிஸ் என்று ஒரே மகள், காடு, கடல் துறை, குதிரை வீரர்கள். இந்தப் பக்கம் இருப்பது ஒரு நெசவாளி மகள். கோஸ்லென் அதிகம் யோசிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை எர்மெலினின் தலையை மழித்து, கன்னிமடத்துக்கு அனுப்ப மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். "அவ என்னைக்குமே பொண்டாட்டி இல்ல, சும்மா சேர்த்து வச்சிருந்தேன்," என்று கோட்டை முற்றத்தில் எல்லார் முன்னாலும் சொன்னான்.

எர்மெலின் வண்டியிலிருந்து கூட்டத்தைத் துழாவினாள். கொட்டில் வாசலில் நின்றவனைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஒடாரு, நான் யாருன்னு நீ சொல்லுப்பா. உனக்குத்தான் தெரியுமே. சொல்லுப்பா ஒடாரு."

ஒடார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வலது காதில் தெளிவாகக் கேட்டது. கேட்கவில்லை என்று பின்னால் அவன் யாரிடமும் சொன்னதுமில்லை.

அதெலிஸின் அப்பன் லேசுப்பட்டவன் இல்லை. ஓர்ம்வில்லில் சாட்சிகள் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்தச் சாட்சிகளே வாய்திறந்து தன் மகள்தான் மனைவி என்று சொன்னால்தான் கல்யாணம் என்றான். மால்ஜே முதலில் தீபோவிடம் போனான். தீபோ அப்போது ஆலையை நடத்திக்கொண்டிருந்தான், அப்பாவி. "ஒண்ணுதாங்க என் மண்டைல நிக்கும், ரெண்டாவதுக்கு இடமில்ல," என்று உள்ளதைச் சொன்னான். இரண்டு நாளில் ஆலைச் சக்கரத்துக்கு அடியிலிருந்து அவனை இழுத்தெடுத்தார்கள். கால் வழுக்கிவிட்டதாம்.

பிறகு மால்ஜே கொட்டிலுக்கு வந்தான். புதிதாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தான். ஒடார் இடது காதைத் தொட்டுக் காட்டினான்.

"ஏற்கெனவே ஒண்ணு இருக்கே ஐயா, இந்தக் காதுல."

"அதுக்குத்தானேடா கடவுள் ரெண்டு காது குடுத்திருக்கார்," என்றான் மால்ஜே. அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கோஸ்லெனும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அறைந்தால் நினைவு நிற்கும் என்றால், அறைந்த காதில்தானே அது நிற்கும், அடுத்த காது காலிதானே. இப்படி யோசிக்க எங்கள் ஆட்களால்தான் முடியும். அதெலிஸின் அப்பனும் தாடியைத் தடவிக்கொண்டே, சரிதான் என்றான்.

அதே தேவாலய வாசல். அதே ஆள், கொஞ்சம் தொப்பையோடு. ஒடாருக்கு இப்போது இருபத்திரண்டு வயது. நிற்க வைத்துச் சொல்லச் சொன்னார்கள். "ஓர்மின் பேரன், அன்ஃப்ரீயின் மகன் கோஸ்லென், அதெலிஸைத் தேவாலய வாசலில் கைப்பிடித்தான். அதற்கு முன் எவளையும் கைப்பிடித்ததில்லை. ஆலையும் புல்வெளியும் அதெலிஸுக்கும் அவள் வயிற்றுப் பிள்ளைக்கும்." ஒடார் சொன்னான். மூன்று வயது அவீஸ் அண்டை வீட்டுக்காரியின் கையில் இருந்தாள். சொல்லாமல் என்ன செய்வான்.

வலது பக்கம் விழ வேண்டும் என்பதற்காக இடது கையை ஓங்கினான் கோஸ்லென். பருந்தை உட்கார வைக்கிற தடித்த தோலுறை அந்தக் கையில் இருந்தது. அதைக் கழற்றத் தோன்றவில்லை.

ஒடார் எழுந்து நின்றபோது எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் இல்லை. மணி ஆடியது, சத்தம் இல்லை. கொட்டிலுக்கு நடந்து போனான். நாய்கள் அவனைக் கண்டு வாயைத் திறந்தன, மூடின. எது ப்ரூன், எது மற்றது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ராவுல் ஒரு மூலையில் வைக்கோலுக்குள் முகத்தைப் புதைத்துக் கிடந்தான். அண்டை வீட்டுக்காரி அவீஸைக் கொண்டுவந்து விட்டாள். குழந்தை அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு என்னவோ நீளமாகச் சொன்னது. என்ன சொன்னது என்று அவன் கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை. அன்றைக்குத்தான் அவன் அழுதான்.

ராவுலை மடத்தில் துறவியாக்க அனுப்பினார்கள். அங்கிருந்து சுவரேறிக் குதித்து, தெற்கே போகிற கூலிப்படையோடு ஓடிவிட்டான். அதெலிஸுக்கு ஹாமோன் பிறந்தான். ஈஸ்டர்கள் வந்து போயின. மால்ஜே இப்போது வலது காதை இழுத்தான். காது கேட்காதவனுக்குக் கேள்வி எப்படிப் புரியும்? எந்தக் காது இழுபடுகிறதோ அதுதான் கேள்வி. குடித்துவிட்டு வேண்டுமென்றே இடது காதை இழுத்துப் பார்ப்பார்கள் குதிரைக்காரப் பையன்கள். ஒடாரின் வாய் தானாகத் திறந்து எர்மெலின் பெயரைச் சொல்ல ஆரம்பிக்கும். மால்ஜே ஓடிவந்து அவன் வாயில் அடிப்பான். பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அவீஸ் வளர்ந்தாள். கோட்டையில் துணி வெளுக்கிற வேலை. அவள்தான் அப்பனுக்குக் காது. வாசலில் ஆள் வந்தால் அவன் முழங்கையைத் தொடுவாள். மழை வந்தால் புறங்கையில் விரலால் தட்டுவாள். கோபம் என்றால் கிள்ளுவாள். கஞ்சியை விழுங்கும்போது அவன் எழுப்புகிற சத்தத்தைக் கேட்டு, "ஊர்ல பன்னிங்க எல்லாம் உன்னைப் பாத்துதான்பா கத்துக்குது," என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் சிரிப்பாள். என்னவென்று தெரியாமல் அவனும் சிரிப்பான். அவளுக்குக் கல்யாணமாகி, புருஷன் ஹாமோனின் சண்டையொன்றில் ஈட்டி தூக்கிச் செத்தான். ரெமி என்று ஒரு பிள்ளையோடு அவள் அப்பன் குடிசைக்கே திரும்பினாள்.

கோஸ்லென் கொழுத்த விலாங்கு மீனை அளவில்லாமல் தின்று, மூன்று நாள் உருண்டு புரண்டு செத்தான். அவனை ஓர்முக்கும் அன்ஃப்ரீக்கும் பக்கத்தில் புதைத்த ஈரம் காய்வதற்குள், தெற்கிலிருந்து ஈட்டிக்காரர்களோடு ராவுல் வந்து இறங்கினான். வெயிலில் கறுத்துப்போயிருந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கூடாரம் போட்டு, மூத்தவன் நான், கோட்டை எனக்கு என்று சொல்லியனுப்பினான். ஹாமோன் பதிலுக்கு நாற்றமடிக்கிற ஒரு விலாங்குத் தலையை அனுப்பினான். வெட்டு குத்து ஆரம்பமாகும் முன் ஆயர் குறுக்கே வந்தார். தேவாலய வாசலில் விசாரிப்பதாகவும், எர்மெலின் கைப்பிடித்த மனைவி என்றால் ராவுலுக்கு, இல்லையென்றால் ஹாமோனுக்கு என்றும் இரண்டு பேரையும் சத்தியம் செய்ய வைத்தார். எர்மெலின் மடத்திலேயே செத்துப் பல காலம் ஆகியிருந்தது. தீபோ இல்லை. மிச்சமிருந்தது ஒரு காது.

விசாரணைக்கு முந்தின நாள் காலையில் ராவுல் தனியாகக் கொட்டிலுக்கு வந்தான். ஒடாருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. வந்தவன் மண்டியிட்டு, கிழவனின் தலையைப் பிடித்துச் சாய்த்து, அந்த இடது காதில் முத்தமிட்டான். அப்போது தெரிந்தது.

"என் அம்மா இதுக்குள்ள இருக்காண்ணே," என்றான் ராவுல். அது ஒடாருக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. ராவுலின் கையைப் பிடித்துத் தன் காதின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டான். வண்டியிலிருந்து எர்மெலின் கூப்பிட்டது அத்தனை வருஷமும் அவனுக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. காது போன பிறகும் அவனுக்குள் மிஞ்சிய ஒரே பெண்குரல் அது.

மத்தியானம் ஹாமோன் வந்தான். இரண்டு ஆட்கள் அவீஸைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அடுப்பில் நாய்க்கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஹாமோன் சிரித்த முகக்காரன், எதைச் செய்தாலும் சிரித்துக்கொண்டுதான் செய்வான்.

"செவிடனுக்கு எப்படிங்க சொல்லிப் புரிய வைக்கிறது?" என்று கேட்டான் ஒருவன்.

"இவனுக்கா? இவன் காதாலதான்டா படிச்சதே," என்றான் ஹாமோன்.

ஒடாரின் வலது காதைப் பிடித்து மெதுவாக இழுத்தான். பிறகு அவீஸின் வலது கையை எடுத்துத் தடவிக்கொடுத்து, புறங்கையில் முத்தம் வைத்தான். அடுத்து ஒடாரின் இடது காதை இழுத்தான். அவீஸின் கையைக் கொதிக்கிற கஞ்சிக்கு மேலே கொண்டுபோய், விரல் நுனியை மட்டும் உள்ளே அமுக்கி எடுத்தான். அவள் வாய் கோணித் திறந்ததை ஒடார் பார்த்தான். ஹாமோன் முழங்கைவரை அளந்து காட்டினான். இடது என்றால் இதுவரைக்கும். பிறகு ஒடாரின் தோளைத் தட்டிவிட்டு, அவீஸைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

விடிந்ததும் ஊரே தேவாலய வாசலில் கூடியது. ஆயர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியூர்க்காரர், நியாயமான மனிதர் என்று பேர். எங்கள் ஊர்க் குருவானவர் காதுக் கணக்கை அவருக்கு விளக்கிச் சொன்னார்.

"ரெண்டு காதுலயும் ரெண்டு விதமா சொல்வானா?" ஆயர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டையும் கேப்போம். முதல்ல விழுந்த அறையை முதல்ல கேப்போம். கடவுள் சந்நிதியில எது முதல்ல வாய்ல வருதோ அது உண்மை."

ராவுல் முன்னால் வந்தான். ஒடார் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு அவனுக்குப் பின்னால், ஹாமோனின் ஆட்களுக்கு நடுவே நின்ற அவீஸைப் பார்த்தான். அவள் கையில் துணி சுற்றியிருந்தது. ரெமி அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ராவுல் இடது காதைத் தொட்டான். இழுக்கக்கூட இல்லை, தொட்டான்.

ஒடாரின் வாய் திறந்துவிட்டது. பழகிய வாய், அது அவனைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை. ஓர்மோட என்ற சொல் நாக்கின் நுனிவரைக்கும் வந்தது. பல்லைச் சேர்த்துக் கடித்தான். நாக்கு நடுவில் மாட்டியது. விடாமல் கடித்தான். தாடையில் ரத்தம் இறங்கியது. ராவுல் மறுபடி தொட்டான். "அண்ணே," என்றான். ஒடார் கண்ணை மூடிக்கொண்டான்.

"இடது காதுல ஒண்ணும் இல்லையே," என்றார் ஆயர்.

ஹாமோன் வந்து வலது காதை இழுத்தான். ஒடார் வாயில் ரத்தம் குழம்ப, ஒரு சொல் குறையாமல் ஒப்பித்தான். அதெலிஸைக் கைப்பிடித்தான். அதற்கு முன் எவளையும் கைப்பிடித்ததில்லை.

ஆயர் தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். ராவுலின் ஈட்டிக்காரர்கள் கூலிக்கு வந்தவர்கள், தலைவனுக்கு மண் இல்லை என்றானதும் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கலைந்துபோனார்கள். மனைவி அல்லாதவள் மகன், பிரபுவுக்கு எதிராக ஈட்டி தூக்கியவன் என்று சொல்லி ராவுலை ஆலைக்குக் கீழே இருந்த புல்வெளிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் அம்மாவுக்குக் கொடுத்த புல்வெளி. எல்லாரையும் வந்து பார்க்கச் சொன்னான் ஹாமோன், ஒடாரை முன்வரிசையில் நிறுத்தினான். இரும்பைப் பழுக்கக் காய்ச்சினார்கள். அண்ணனைக் கொல்வது பாவம் என்பதால் கண்ணை மட்டும் எடுத்தார்கள். முதல் கண் போனபோது ராவுல் ஒரு பெயரைச் சொல்லிக் கத்தினான். ஊரெல்லாம் கேட்டது. அது ஒடாரின் பெயர். அதை யாரும் ஒடாருக்குச் சொல்லவில்லை.

அத்தோடு முடிந்தது என்று கூட்டம் கலையப் பார்த்தது. ஹாமோன் கையை உயர்த்தினான்.

"எங்க போறீங்க? இந்தத் தீர்ப்புக்குச் சாட்சி வேணாமா? கிழவன் இன்னும் எத்தன நாள் இருப்பான்?" கண்களால் பிள்ளைகளைத் தேடினான். அவை ரெமியின் மேல் நின்றன. "அந்தா, அவனைக் கொண்டா. நல்ல வம்சம்டா அது. மறக்காத வம்சம்."

ரெமிக்கு ஐந்து வயது. தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றதும் ஆசையாக ஓடிவந்தான். ஹாமோன் குனிந்து என்னவோ சொல்லிக்கொடுப்பதை ஒடார் பார்த்தான். பிள்ளையின் உதடு திருப்பிச் சொல்வதைப் பார்த்தான். என்ன நடக்கப் போகிறது என்று அங்கே அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி ஹாமோனின் காலில் விழுந்தான். தன் கன்னத்தைக் காட்டினான். இந்தக் கன்னத்தில், இல்லையென்றால் அந்தக் கன்னத்தில் என்று மாற்றி மாற்றிக் காட்டினான். கடிபட்டு வீங்கிய நாக்கிலிருந்து சொல் எதுவும் ஒழுங்காக வரவில்லை.

"உன் ரெண்டு காதும் ரொம்பிப்போச்சு கிழவா," என்றான் ஹாமோன் சிரித்துக்கொண்டே. ஆட்கள் ஒடாரை இழுத்துப் பிடித்தார்கள்.

அறை விழுந்தது. பிள்ளை புல்லில் உருண்டான். அவன் வாய் அகலத் திறந்ததைத்தான் ஒடார் பார்த்தான்.

அவீஸ் மகனிடம் ஓடவில்லை, முதலில் அப்பனிடம்தான் ஓடிவந்தாள். "வாயத் திறந்திருக்கலாம்ல? நான் கேட்டேனா, என் கைய உன்ன நான் கேட்டேனா? பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" எந்தக் கைக்காக அவன் நாக்கைக் கடித்தானோ அந்தக் கையால், துணி அவிழ, அவன் மார்பிலும் முகத்திலும் அடித்தாள். ஒடாருக்கு அவள் பேச்சு கேட்கவில்லை. ஆனால் தொடுவதற்கெல்லாம் அவர்களுக்குள் ஒரு பொருள் இருந்ததால், அவள் சொன்னது அத்தனையும் புரிந்தது. அடித்து முடிக்கும்வரை அசையாமல் நின்றான்.

ராவுலை அதற்குப் பிறகு யாரும் அதிகம் பார்த்ததில்லை. ஒரு நோஞ்சான் கழுதையில் ஏற்றி மடத்துக்கு அனுப்பினார்கள். போகிற வழியில் செத்தான் என்பார்கள் சிலர். வம்சக்கதையில் இப்போது அவன் பெயர் இல்லை.

அவீஸ் கஞ்சி ஊற்றினாள், துணி துவைத்துப் போட்டாள். ஆனால் அப்பனின் முழங்கையை அவள் பிறகு தொடவில்லை. வாசலில் ஆள் வந்தாலும், மழை வந்தாலும், அவன் தானாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஒரு நாள் அவள் குடிசை வாசலிலிருந்து ரெமியைக் கூப்பிட்டாள். கொட்டில் பக்கம் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை நின்று, குடிசைக்கு நேர் எதிர்ப்பக்கமாக, காட்டைப் பார்த்துத் திரும்பினான். ஒடார் கையிலிருந்த வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டான்.

அடுத்த ஈஸ்டர் வந்தது. ஒடாரை மண்டபத்துக்குக் கூப்பிடவில்லை. சாட்சி மாறிவிட்டதால் அவனுக்கு அங்கே வேலை இல்லை, ரொட்டியும் இல்லை. பழக்கத்தில் போய்க் கதவோரம் நின்றான். மேசையின் கடைக்கோடியில், தண்ணீர் தொட்டுத் தலைவாரிய ரெமி நின்றான். மால்ஜே கிழடு தட்டிப்போய், தடியை ஊன்றிக்கொண்டு வந்து பிள்ளையின் இடது காதை இழுத்தான். ரெமி ஒப்பித்தான். ஓர்மின் கொள்ளுப்பேரன், அன்ஃப்ரீயின் பேரன், கோஸ்லெனின் ஒரே மகன் ஹாமோன். அந்த உதடுகளை ஒடாரால் வரிக்கு வரி படிக்க முடிந்தது. கடைசியில் எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். ஹாமோன் ஒரு வெள்ளை ரொட்டியை எறிந்தான். பிள்ளை பாய்ந்து பிடித்தான்.

தாத்தாவைக் கண்டதும் ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு. இடது காது நன்றாகத் தெரிகிற மாதிரி தலையைச் சாய்த்துக் காட்டினான். "நானும் உன்ன மாதிரியே, பாத்தியா தாத்தா. ஒரு வார்த்தை விடல," என்றான். ரொட்டியைப் பிய்த்து, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துத் தாத்தாவை நோக்கி எம்பினான்.

ஒடார் குனிந்து வாயைத் திறந்தான். ரெமி அதில் ரொட்டியை வைத்தான்.